தகரப் பெட்டியும் நினைவேடும்

குடும்பப் படங்களையும் பழைய தாள்களையும் ஓர் ஏட்டில் ஒட்டி, அருகே குறிப்பெழுதித் தொகுத்து வைக்கும் பழக்கம் மேலைநாடுகளிற் பெரியதொரு பொழுதுபோக்காக வளர்ந்துள்ளது. 'ஸ்கிரப் புக்' என வழங்கும் அவ்வேட்டைத் தமிழில் நினைவேடு எனலாம். அமெரிக்க எழுத்தாளர் மார்க் துவைன், பசை தடவிய தாள்களைக் கொண்ட ஏடொன்றிற்கு 1873ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார் என்பது அப்பழக்கத்தின் பழமையையும் பரவலையும் உணர்த்தும். ஆனால், நுவரெலியாவிலோ அட்டனிலோ உள்ள தோட்டக் குடும்பமொன்றும் இத்தகைய ஏட்டைத் தொகுக்கவேண்டும் என்று எவரேனும் சொன்னால், கற்றோர் நடுவே மெல்லிய நகைப்பொன்று எழுகிறது.

நகைப்போர் கூறும் காரணங்கள் நான்கு. வயிறு நிறைந்தோர் பொழுதைக் கழிக்கக் கண்ட வழி இது என்பர் சிலர். கூலியும் காணியும் வீடும் கிட்டாத மக்களைப் பார்த்துப் படம் ஒட்டுங்கள் என்பது கேலிக்கூத்து என்பர் வேறு சிலர். தோட்டத்து வாழ்வு மறக்கப்படவேண்டிய இழிவு. அதனை ஏட்டில் ஏற்றுவானேன் என்று கேட்பாரும் உளர். அரும்பொருளகமும் கைப்பேசியும் இருக்கையிற் கொப்பியும் பசையும் எதற்கு என்று முடிப்போர் இக்காலத்தில் மிகுதி. இக்கூற்றுகளை நம்பியிருப்பதன் விலையை ஒரு மக்கட் கூட்டம் தன் முன்னோரின் பெயர்களைக் கொண்டு செலுத்தி வருகின்றது. ஆதலின் இவை நான்கும் ஆராயத்தக்கன.

முதலாவது வாதத்திற்கு விடை மலையக மண்ணிலேயே புதைந்து கிடக்கிறது. பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயக் கல்லறை நிலத்தில் அடக்கம் செய்யப்பட்டவர்களுள் ஜூலியா மார்கரெட் கமரூன் என்னும் ஆங்கில மாது ஒருவர். 1863ஆம் ஆண்டில், தமது 48ஆம் வயதில், மகள் அன்பளிப்பாகக் கொடுத்த கமராவைக் கொண்டு படமெடுக்கத் தொடங்கியவர் அவர். தம் சகோதரி மரியா ஜாக்சனுக்கென ஒரு படத்தொகுதியையும், நண்பரும் விஞ்ஞானியுமான ஜோன் ஹேர்ஷலுக்கென 1864இல் மற்றொன்றையும் தம் கையாலேயே அடுக்கித் தொகுத்தார். அன்று அது வீட்டுக்கு வீடு கைமாறிய அன்பளிப்பு. ஓய்வுள்ள ஒரு குடும்பத் தலைவியின் பொழுதுபோக்கு. ஆனால் அக்குடும்பத்தில் வந்த வேர்ஜீனியா வுல்ஃப், ரொஜர் ஃப்ரை என்பவருடன் சேர்ந்து 1926இல் அப்படங்களை நூலாக்கினார். ஹேர்ஷலின் தொகுதி கடல்கடந்து போகவிருந்தபோது, 1975இல் பொதுமக்களிடம் நிதி திரட்டி அதனைப் பிரித்தானியத் தேசத்தின் உடைமையாக்கினர். குடும்ப ஏடு எங்ஙனம் நாட்டின் வரலாற்று ஆவணமாக உயர்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அதே கமரூன் தம் கணவரின் கோப்பித் தோட்டங்களை நாடி 1875இல் இலங்கை வந்து, 1879இல் இங்கேயே மறைந்தார். இங்கு அவர் எடுத்த படங்களுள் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அவரிடம் விருந்தினராக வந்த ஓவியர் மரியான் நோர்த்தும் அவற்றில் இடம்பெற்றுள்ளார். அவருடைய பெயர் உலகறிந்தது. களுத்துறைக் குடியானவர் என்ற தலைப்புடன் வேறொரு படம் உள்ளது. அதன் குறிப்பில் சிறுமியின் வயது பன்னிரண்டு என்றும், முதியவர் தமக்கு நூறு வயதெனச் சொல்கிறார் என்றும் எழுதப்பட்டுள்ளது. வயதைக் கேட்டவர் பெயரைக் கேட்டு எழுதவில்லை. இவ்வேறுபாட்டை ஒரு தனிமனிதரின் மறதி எனக் கொள்ளல் பொருந்தாது. யார் பெயருக்கு உரியவர், யார் தொகைக்கு உரியவர் என்பதை வகுத்துவைத்த ஆட்சியின் பார்வை அது.

தோட்டத்துப் பதிவுகள் அனைத்திலும் அப்பார்வையே நிலவியது. பெர்குசன் வெளியிட்ட இலங்கைக் கையேடுகளில் தோட்டத்தின் பெயர், ஏக்கர்க் கணக்கு, உரிமையாளர், துரைமார் ஆகிய விபரங்கள் ஆண்டுதோறும் அச்சாயின. தொழிலாளரின் பெயரைத் தாங்கிய ஏடு ஒன்றே, அது செக்ரோல். அங்கும் பெயர் என்ற சொல்லுக்கு நேர்ந்த கதி நோக்கத்தக்கது. ஒரு நாள் வேலை 'ஒரு பேர்' ஆயிற்று. கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப் பேர்' விழுந்தது. மாத முடிவில் எத்தனை பேர் என்று கேட்டால் எத்தனை நாட் கூலி என்று பொருள். மனிதனைக் குறிக்கப் பிறந்த சொல்லொன்று கூலியின் அளவையாகச் சுருங்கிப்போன இவ்வழக்கு, மலையக வரலாற்றைப் பல நூல்களினும் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றது. அம்மக்கள் தம் பெயரைத் தாமே எழுதும் ஏடொன்றைத் தொடங்குவது செக்ரோலுக்கு அளிக்கும் மறுமொழியாகும்; அதனை வீண்பொழுது என்பார் இவ்வரலாற்றை அறியாதவர்.

மலையகக் குடும்பங்கள் தாள்களைச் சேர்த்து வைக்கவில்லை என்று எண்ணுவதும் தவறு. லயத்துக் காம்பிராவிற் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். வேட்டி சேலைகளின் அடியில், பொலித்தீன் உறையிற் சுற்றிய கடதாசிக் கட்டொன்று அதில் இருக்கும். பிறப்பத்தாட்சிப் பத்திரம், மணப்பதிவு, வேலைவிலகற் கடிதம், தொழிற்சங்கச் சந்தாச் சீட்டு, பிரஜாவுரிமை விண்ணப்பத்தின் பிரதி, கடவுச்சீட்டுக்கென எடுத்த படம் என அக்கட்டு விரியும். எழுத்தறியாத பாட்டியர்கூட எந்தத் தாள் எது என்பதை மடிப்பின் அடையாளத்தைக் கொண்டே எடுத்துத் தருவர். ஓய்வுநேர விருப்பம் இக்கட்டைச் சேர்க்கவில்லை, அச்சம் சேர்த்தது.

அவ்வச்சத்திற்குக் காரணம் உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலானோரை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், மணமானோர் 1939 சனவரி முதலாந் திகதியிலிருந்தும், மணமாகாதோர் 1936 சனவரி முதலாந் திகதியிலிருந்தும் இடையறாது இந்நாட்டில் வதிந்தமையைச் சான்றுகளுடன் நிறுவும்படி கேட்டது. பெயர் பதிவதற்குக்கூடப் பிறர் கையை நம்பியிருந்தவரிடம், ஆண்டாண்டுக்கான எழுத்துச் சான்று கோரப்பட்டது. 8 இலட்சத்திற்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. பிரஜாவுரிமை பெற்றோர் 134,000 அளவினரே. தாள் இல்லையேல் தாயகம் இல்லை என்ற பாடத்தைக் கற்றவர், கிடைத்த தாள் எதனையும் எறியத் துணியாதது இயல்பே.

பின்னர், 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 975,000 மக்களுள் 525,000 பேர் இந்தியாவிற்கு, 300,000 பேர் இலங்கைக்கு என இரு அரசுகளும் பங்கிட்டன. எஞ்சிய 150,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தன. தலைமன்னார் நோக்கிச் சென்ற புகைவண்டிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று மலையகம் பெயரிட்டது. அண்ணன் அட்டனிலும் தம்பி நீலகிரியிலுமாகக் குடும்பங்கள் பிளவுண்டன. தாயகம் திரும்பியோர் எனப்பட்டவருக்கு வேலை கொடுக்கவென்று தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் அவர்கள் மீண்டும் கொழுந்து பறித்தனர். பிரியுமுன் எடுத்த குடும்பப் படம் ஒன்று இரு கரையிலும் உள்ள பெட்டிகளிற் கிடப்பதுண்டு. அதில் நிற்போர் யார் யார் என்று கேட்டால், நடுவில் இருப்பவர் தாத்தா என்பது வரை பேரப்பிள்ளை அறிவான். ஓரத்தில் நிற்கும் பெண் யார், கைக்குழந்தை எது, அது எக்கரையில் வளர்ந்தது என்பன அவனுக்குத் தெரியா. படம் இருக்கிறது, உறவு அற்றுவிட்டது.

தகரப் பெட்டியின் குறை இங்கேதான் வெளிப்படுகின்றது. கந்தோரில் அதிகாரி கேட்கக்கூடியதை மட்டுமே அது காத்தது. அதிகாரி கேட்காதவற்றுக்கு அதில் இடம் இருக்கவில்லை. எந்த ஊரிலிருந்து எவர் வந்தார், மண்டபம் முகாமில் எத்தனை நாள் இருந்தார், எந்தக் கங்காணியின்கீழ்ப் பேர் பதிந்தார், எந்த வேலைநிறுத்தத்தில் எந்தத் தோட்டத்தைவிட்டு வெளியேற்றப்பட்டார், காமன் கூத்தில் எந்த வேடம் கட்டினார், பிறந்து இறந்த பிள்ளைகள் எத்தனை என்பனவற்றுக்கு எந்த விண்ணப்பத்திலும் நிரல் இல்லை. அவை வாய்மொழியிலேயே தங்கின, வாயோடு மறைந்தன. அதிகாரிக்கென அடுக்கிய தாள்களுக்கு அருகே பேரப்பிள்ளைக்கென எழுதிய குறிப்பைச் சேர்ப்பதே நினைவேட்டின் வேலை.

இரண்டாவது வாதம் வலிமையுடையது போலத் தோன்றும். கூலி, காணி, வீடு ஆகியவற்றுக்கான போராட்டமே முதன்மையானது என்பதில் ஐயமில்லை. 1,000 ரூபா நாட்சம்பளம் என்ற கோரிக்கை 2021இல் வர்த்தமானியில் ஏறுவதற்கே ஆண்டுகள் பல கழிந்தன. ஆனால், போராட்டத்தையும் நினைவையும் எதிரெதிரே நிறுத்துவோர் தொழிற்சங்க வரலாற்றையே மறந்தவராவர். 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்திற் பொலிசாரின் சூட்டுக்கு இரையான கோவிந்தனையும், 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்திற் காணிக்காக உயிர்நீத்த சிவனு லெட்சுமணனையும் இயக்கங்கள் மீண்டும் மீண்டும் பெயர்சொல்லி நினைந்தன. ஆதலால் அப்பெயர்கள் நின்றன. அவர்களோடு ஊர்வலத்தில் நடந்தவர் பலர். அவர்களின் பெயர் எழுதப்பட்டிருக்கவேண்டிய இடம் அவரவர் வீட்டு ஏடு; அது எழுதப்படவில்லை.

பிழைப்பிற்கும் நினைவுக்கும் உள்ள தொடர்பு இன்னும் நேரடியானது. ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. வாழ்நாள் முழுதும் உழைத்த ஒருவர் அதனைப் பெறச் செல்லும்போது, பிறப்புப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொன்று, செக்ரோலில் மற்றொன்று எனக் காணப்பட்டு அலைக்கழிவது தோட்டங்களில் நெடுநாளைய துயரம். முத்தம்மா முத்துவாகவும், முத்துலெட்சுமி லெட்சுமியாகவும் எழுதுவோரின் விருப்பப்படி மாறினர். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் எத்தாளில் எப்பெயர் உள்ளது என்பதை ஒரு பக்கத்தில் வரிசையாக எழுதி வைத்திருக்கும் வீடு, பிழையைக் காலத்தோடு கண்டு திருத்த முயலும். கூலிக்குப் பின்னரே ஏடு என்போர், கூலியே இங்கு ஏட்டை நம்பியிருந்தமையை எண்ணிப் பார்ப்பாராக.

மூன்றாவது வாதத்தை உரக்கச் சொல்வார் இலர். உள்ளத்திற் கொண்டோர் பலர். பல்கலைக்கழகத்தில் நுழையும் தோட்டத்து மாணவன், முகவரி கேட்டால் அருகிலுள்ள நகரத்தின் பெயரைச் சொல்கிறான். தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும் அவன் நாவில் எழுவதில்லை. லயத்து முற்றத்தில் எடுத்த படத்தை ஒளித்து, விக்டோரியாப் பூங்காவில் எடுத்த படத்தைக் காட்டுகிறான். அவனைப் பழித்துப் பயனில்லை. 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவன் அவன். எனினும், மறைத்தலால் இழிவு நீங்குவதில்லை. இழிவு, பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையிற் குடும்பத்தை அடைத்தவனைச் சேரும். அவ்வறையிற் பிள்ளைகளை வளர்த்துப் பள்ளிக்கு அனுப்பியவளைச் சேராது. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டந்தோட்டமாக நாட்டார் பாடல்களைத் திரட்டியபோது அவற்றைக் கூலிகளின் கூச்சல் என்று கருதியோரும் இருந்திருப்பர். 1984இல் அவர் மறைந்த பின்னர், அப்பாடல்களே மலையகத்தின் இலக்கியச் செல்வமாகக் கல்வியுலகில் ஏற்கப்பட்டன. இன்று வெட்கமாகத் தோன்றுவது நாளை ஆய்வுப் பொருளாகும். எழுதி வைத்தால் மட்டுமே.

நான்காவது வாதம் பொறுப்பைப் பிறர் தலையில் ஏற்றுவது. கண்டி அந்தானையில் 1925ஆம் ஆண்டுத் தொழிற்சாலையொன்றில் 2001இல் திறக்கப்பட்ட தேயிலை நூதனசாலை, இயந்திரங்களையும் ஜேம்ஸ் டெய்லர் போன்ற முன்னோடித் துரைமாரின் நினைவுப் பொருள்களையும் போற்றிக் காக்கிறது. கம்பளைப் பகுதியில் ஓல்ட் பீக்கொக் தோட்டத்தின் லயமொன்றிற் சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் அமைத்த தொழிலாளர் அரும்பொருளகம், உழைத்தோரின் பக்கத்திலிருந்து எழுந்த அரிய முயற்சி. நூலகம் என்னும் இணைய நூலகம் 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்வடிவிற் சேர்த்து வருகிறது. இவை போற்றத்தக்கன. ஆனால், எந்த அரும்பொருளகமும் ஒரு வீட்டுப் படத்தில் நிற்பவரின் பெயரைத் தானாக அறிந்துகொள்ள மாட்டாது. வீட்டில் எழுதப்படாத பெயரைக் காப்பகம் காக்க இயலாது. பெயரற்ற படம் அங்கும் 'கொழுந்து பறிக்கும் பெண்' என்றே தொங்கும். சுற்றுலாப் பயணிக்கு விற்கும் அஞ்சலட்டைக்கும் அதற்கும் வேற்றுமை இராது.

கைப்பேசியின் கதையும் அதுவே. அதில் ஆயிரம் படங்கள் உள; அவற்றுள் ஒன்றிற்கேனும் பெயரும் இடமும் ஆண்டும் எழுதியோர் அரியர். கருவி பழுதுற்றால் ஆயிரமும் ஒருசேரப் போகும். தகரப் பெட்டிக்கும் தீங்கு இல்லாமல் இல்லை. கறையானும் மழைக்காலத்து ஈரமும் அடுப்புப் புகையும் தாள்களை நாள்தோறும் தின்கின்றன. 1977, 1981, 1983ஆம் ஆண்டு வன்செயல்களில் லயங்கள் எரிக்கப்பட்டபோது, உயிரைக் காத்தோடியவரால் பெட்டியை எடுக்க முடியவில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது, மனிதரோடு அவர்தம் படங்களும் தாள்களும் மண்ணுக்குள் போயின. தாள் ஓரிடத்திலும் அதன் பிரதி மற்றோரிடத்திலும் இருத்தல் வேண்டும் என்பதே இவ்விழப்புகள் கற்பிக்கும் பாடம்.

நினைவேட்டை ஆதரிப்போரும் ஓர் எச்சரிக்கையை ஏற்றல் வேண்டும். கடைகளில் விற்கும் வண்ணப்பூக்களையும் மினுக்குத் தாளையும் ஒட்டித் திருமணப் பட்டுச்சேலையை மட்டும் காட்டும் ஏடு, குடும்பத்தின் விளம்பரமேயன்றி நினைவாகாது. கடன் துண்டும் அதில் இருத்தல் வேண்டும். வேலைநிறுத்த நோட்டீசும் இருத்தல் வேண்டும். பிள்ளைக் காம்பிராவில் விட்டுச்சென்ற குழந்தையின் கதையும் இருத்தல் வேண்டும். சிறப்பாகப் பெண்களின் பெயர்கள் எழுதப்படல் வேண்டும். முதலெழுத்தாகத் தந்தை பெயரும் பாட்டன் பெயரும் நிலைக்கின்றன. அப்பாயி, அம்மாயி என்று அழைத்தே வளர்ந்த பிள்ளைகளுட் பலர், அவ்விருவரின் இயற்பெயரை மரண அறிவித்தலிலேயே முதன்முறையாக வாசிக்கின்றனர். கொழுந்து பறித்துத் தேயிலைத் தொழிலைத் தாங்கிய கைகள் பெரும்பாலும் அவர்களுடையவை. அவர்களை உறவுமுறைப் பெயருக்குள் மறைத்துவிடும் ஏடு, செக்ரோலினும் சிறந்ததென்று சொல்லிக்கொள்ள இயலாது.

இதற்கு வேண்டிய செலவு மிகச் சிறிது. ஒரு சீ. ஆர். கொப்பியும் பென்சிலும் போதும். மூலப் பத்திரங்களைப் பசை தடவி ஒட்டலாகாது. அவற்றின் பிரதிகளையே ஒட்டல் வேண்டும். மூலத்தைப் பிளாஸ்டிக் உறையில் உருக்கி ஒட்டுவதும் நாளடைவில் தாளைக் கெடுக்கும். படத்தின் பின்புறத்தில் மைப்பேனாவைத் தவிர்த்து, மென்மையான பென்சிலால் இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதலாம். பெயர், தோட்டம், பிரிவு, ஆண்டு, சொன்னவர் யார் என்னும் ஐந்து குறிப்புகள் ஒவ்வொரு பக்கத்திலும் இருப்பின், அவ்வேடு எந்த ஆராய்ச்சியாளன் முன்னும் சான்றாக நிற்கும். ஐயமுள்ளதை ஐயம் என்றே எழுதுதல் வேண்டும். பெரியவர் இருவர் இருவிதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுதல் தகும். எழுதியவற்றைக் கைப்பேசியாற் படமெடுத்து உறவினருக்கு அனுப்பினால், அக்கருவியும் உரிய பயனைத் தரும். நீலகிரியில் உள்ள உறவினர் விடுபட்ட பெயர்களைச் சொல்லவும் கூடும்.

காலம் மட்டும் காத்திராது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்த தலைமுறை ஏறக்குறைய முற்றாக மறைந்துவிட்டது. 1964இல் பத்து வயதுச் சிறுவராயிருந்து ஒப்பாரிக் கோச்சியைப் பார்த்தவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். 2023இல் மலையக மக்களின் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தனர். முன்னோர் நடந்த வழியை உலகிற்கு நினைவூட்டிய அந்நடை சிறந்ததே. ஆயினும், அவ்வழியில் நடந்த முன்னோருள் ஒருவரின் பெயரையேனும் தன் குடும்பத்தில் தேடி எழுதியவர் எத்தனை பேர் என்ற வினா அதன்பின்னும் எஞ்சி நிற்கிறது.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களுக்கும் தமிழ்த் துறைகளுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. நாட்டார் வழக்காறு பற்றிப் பரீட்சை விடைத்தாளிற் பத்துப் பக்கம் எழுதும் மாணவன், விடுமுறையில் வீடு செல்லும்போது பாட்டியின் பெட்டியைத் திறக்கச் சொல்லி ஒரு மாலைப்பொழுது அருகில் அமர்ந்தால், எந்நூலிலும் இல்லாத செய்திகளுடன் திரும்புவான். விரிவுரையாளர் அதனை ஒப்படையாக ஏற்றுப் புள்ளி வழங்கினால், சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான தோட்டக் குடும்பங்களின் ஏடுகள் திரளும். குடும்பத்தார் இசைந்தவற்றின் பிரதிகளைக் காப்பகங்கள் ஏற்கலாம். இசையாதவை வீட்டிலேயே இருக்கலாம். மலையக வரலாற்றுக்கு ஆவணம் இல்லை என்று கருத்தரங்குகளில் முறையிடுவோர், அவ்வாவணம் கட்டிலுக்கு அடியில் இருப்பதையும், அதைப் படித்துப் பொருள்சொல்ல வல்லவர் அக்கட்டிலின்மேல் அமர்ந்திருப்பதையும் முதலிற் காணவேண்டும். அவர் இருக்கும்போதே பென்சிலை எடுத்துப் படத்தின் ஓரத்தில் நிற்கும் பெண்ணின் பெயரைக் கேட்டு எழுதுதல் வேண்டும்.